விதி பதினொன்று

காரைக்குடி, கல்லுக்கட்டிக்குப் பின்தெரு,
என் அச்சகத்தின் மாடி.
ஞாயிறு இரவு எட்டரை. மின்விசிறியை நிறுத்தியாயிற்று,
சீட்டு பறக்கும்.

ஐம்பத்திரண்டும் ஒரே கல்யாணத்திலிருந்து வெட்டியவை.
பின்பக்கம் குங்குமச் சிவப்பு, ஓரத்தில் தங்கக் கோடு.
முன்பக்கம் நான் எழுதிய எண்ணுக்கு அடியில்
பாதி பாதியாய்ப் பழைய எழுத்து.
ஏழில் "நல்வர", மூன்றில் "சுற்றமும் ந",
பத்தில் அந்த "வியாழ".
வெள்ளிக்கிழமை முகூர்த்தத்தை வியாழன் என்று அடித்த
எண்ணூறு அழைப்பிதழ்.
மெய்ப்புப் பார்த்தது யார் என்பதில்
எனக்கும் சேக்கப்பனுக்கும் இன்றுவரை ஒப்பவில்லை.
கூட்டு முறிந்தது. அட்டை மிஞ்சியது.

கையில் ஏழு சீட்டு, அதுதான் உயிர்.
தனியாக உயிர் என்று ஒன்று யாருக்கும் கிடையாது.
சண்டையில் ஆளுக்கொன்று கவிழ்த்து, ஒன்றாகத் திருப்பு.
பெரியது வெட்டும்.
மூன்று எண் தாழ்ந்தால் ஒரு காயம்.
காயத்துக்கொரு சீட்டை எதிராளி உருவி
முகம் கீழாக மேசையில் வைப்பான்.
எது போனதென்று அடுத்த கை வரும்வரை
எண்ணிக்கொண்டேயிருக்க வேண்டியதுதான்.

விதி பதினொன்றை முதலில் இப்படி எழுதியிருந்தேன்:
"இரவு தூங்கி எழுந்தால் எல்லாக் காயமும் ஆறும்."
பிலோமினா சிரித்தாள்.
தேவகோட்டை ஆஸ்பத்திரி, ஆண்கள் அறுவை வார்டு,
பன்னிரண்டு வருஷம் ராத்திரி டூட்டி.
"தூங்குனா ஆறுமா? தூங்கவே விடாதுய்யா அது."
பேனாவைப் பிடுங்கி அவளே எழுதினாள்:
தன் காயத்தைத் தானே ஆற்ற முடியாது.
பக்கத்து ஆள் தன் முறையை விட்டு,
தன் கையில் பெரிய சீட்டை இழந்து,
ஒரு காயத்தை ஆற்றலாம்.
திரும்பி வரும் சீட்டின் மூலையை மடிக்கவும்.
மதிப்பு ஒன்று குறையும், எப்போதைக்கும்.

"மடிச்சா பின்னாலயே அடையாளம் தெரியுமே,
கள்ளாட்டம்ல?" பதறினான் கண்ணாடிக்கடை ஜபருல்லா.
"தெரியட்டும். நொண்டுனா தெருவுக்கே தெரியுது."

போன ஞாயிறு நாங்கள் புகுந்தது
பதினெட்டுப் பங்குக்காரர்கள் பூட்டிய வீடு.
அறைக்கொரு பூட்டு, பூட்டுக்கொரு வழக்கு.
மூன்றாம் கட்டில் வழிமறித்தான் பங்காளி,
ஜபருல்லா ஆட்டிவைக்கும் அரக்கன்.
உயிர் பதினான்கு. ஆயுதம், தடை உத்தரவு.

ஆறாம் சுற்றில் என் கை காலி.
விழுந்தவனுக்கு மூன்று சுற்று கெடு.
பிலோமினாவிடம் ஒரே சீட்டு, தந்தால் அவளும் விழுவாள்.
சேக்கப்பனிடம் நான்கு.
ஒன்று பத்து என்பதை
அதை மூடியிருந்த கட்டைவிரலே சொல்லிற்று.
முதல் சுற்று பார்த்தான்.
இரண்டாம் சுற்று இருமினான்.
மூன்றாவதில் பத்தை எடுத்து
பங்காளியின் மேல் போட்டான்.
வெட்டு. கதவு திறந்தது. எல்லாரும் கத்தினார்கள்,
கணக்குப்படி செத்திருந்த நானும்.

"ஆற்றலாம்னுதான் போட்ருக்கு,"
மேசையிடம் சொன்னான் சேக்கப்பன்,
"ஆற்றணும்னு இல்லையே."
எட்டு மாதத்தில் அவன் என் பக்கம் பேசிய முதல் பேச்சு.
அதிலும் ஒரு விகுதியில் விரல் வைத்து,
மெய்ப்புப் பார்ப்பவனாட்டம்.

செத்தவன் டீ போட வேண்டும்,
இது எழுதாத வழக்கம்.
நாலு தம்ளர். அவனுடையதில் சர்க்கரை போடவில்லை.
வேண்டுமென்றில்லை, கை பழகிவிட்டது.

இன்று அவர்கள் வருமுன் விதிநோட்டை விரித்தேன்.
"லாம்" மேல் ஒரு கோடு, பக்கத்தில் "வேண்டும்",
அவ்வளவுதான் வேலை.
பேனாவை ஊன்றியபடி இருந்ததில்
தாளில் மசி பொட்டாய் ஊறிவிட்டது.
படியேறி வந்த பிலோமினா எட்டிப் பார்த்தாள்.
"விட்ருங்க. அதட்டிக் கட்டவெச்ச கட்டு இறுகிப்போவும்,
ரத்தம் ஓடாது."

சரி, லாம்.
அதன் கீழே இன்னொன்று சேர்த்தேன்:
செத்தவர் அடுத்த ஆட்டத்துக்கு
மூலை மடிந்த ஒரு சீட்டோடு வரலாம்.
குவியலைக் கிளறி "வியாழ"வை எடுத்து மடித்தேன்.
பத்து ஒன்பதாயிற்று.

கீழே அவன் வண்டி வந்து நின்ற சத்தம்.
ஸ்டாண்டு போடும் சத்தம்
இன்னும் கேட்கவில்லை.